பழைய ராக் எல்.பி.க்கு மறுவெளியீடு: அப்பா எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. கல்லூரி நாட்களில் சென்னையில் ஒரு சைக்கடெலிக் ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1971-ல் வந்த, பல குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்த ஒரு எல்.பி. இசைத்தட்டில் அவர்களுடைய இரண்டு ஆங்கிலப் பாட்டுகள் இருக்கின்றன. இரண்டுமே அப்பாவும் ஆர்கன் வாசித்த நண்பரும் சேர்ந்து போட்டவை. நண்பர் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோய் அங்கேயே இறந்துவிட்டார். இப்போது ஒருவர் வந்து, ஐரோப்பியக் கம்பெனி ஒன்று அந்த எல்.பி.யை மறுபடி வெளியிடப்போகிறது, ஒரு கையெழுத்துக்கு 25,000 ரூபாய் என்கிறார். வீட்டிலிருக்கும் ரெக்கார்டையும், பீரோவில் கிடக்கும் ஒரு ஸ்பூல் டேப்பையும் “காப்பி எடுத்துட்டுத் தந்துடறேன்” என்று கேட்கிறார். அப்பா சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தயார். கையெழுத்துப் போடலாமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: அவர் கொண்டுவந்த தாளில் போட வேண்டாம். கொஞ்சம் திருத்திய வேறு தாளில் தாராளமாகப் போடலாம். ரெக்கார்டும் டேப்பும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

முதலில் அப்பாவிடம் என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு இசைத்தட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று பாட்டு, அதாவது வரிகளும் மெட்டும். மற்றது அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு, பதிவுக்குப் பணம் போட்டு மாஸ்டரை, அதாவது மூல டேப்பை, தன் கையில் வைத்துக்கொண்ட கம்பெனிக்கு உரியது. அதற்கு நம் சட்டத்தில் 60 ஆண்டு ஆயுள். 1971-ல் வந்த தட்டுக்கு 2031 டிசம்பர் வரை. அதைப் பற்றி அப்பாவிடம் அனுமதி கேட்கவே வேண்டாம், அப்பாவால் கொடுக்கவும் முடியாது. பாட்டு அப்படியில்லை. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது அவருக்கும் வாரிசுகளுக்கும் சொந்தம். இருவர் பிரிக்க முடியாதபடி சேர்ந்து போட்ட பாட்டென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்துதான் கணக்கு. அன்றைக்குப் பாட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் கதை மாறும். அந்தக் காலத்துப் பையன்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று நினைவு வைத்திருப்பதில்லை, பழைய ஃபைல்களைத் தேடிப் பாருங்கள்.

கிட்டார் வாசித்ததற்கு என்று தனியாக ஏதும் கிடைக்குமா என்றால், 1971 பதிவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வாசிப்பவர், பாடுபவர் உரிமை என்பதே 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. பாட்டு எழுதாமல் குழுவில் டிரம்ஸ் மட்டும் வாசித்தவருக்கு இது அநியாயமாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இனி அந்த 25,000. குறைந்த தொகை என்று நான் கத்துவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. இந்த மாதிரி மறுவெளியீடுகள் பெரும்பாலும் ஐந்நூறு, ஆயிரம் பிரதிதான் அடிக்கிறார்கள். ஒரு அளவுகோலுக்கு அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள்: அங்கே விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டெழுதியவர் பங்காகச் சட்டம் வைத்த தொகை, 2025-ல் ஒரு பாட்டுக்கு 12.7 சென்ட். இரண்டு பாட்டு, ஆயிரம் பிரதி என்றால் 254 டாலர், ஏறக்குறைய 22,000 ரூபாய். அதிலும் நண்பர் வீட்டுக்குப் பாதி. ஆக முதல் பதிப்புக்கு மட்டும் என்றால் அந்த ஆள் நியாயமாகவே பேசுகிறார்.

முதல் பதிப்புக்கு மட்டும் என்று அவர் தாளில் இருக்காது. “உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போதுள்ள மற்றும் இனிவரும் எல்லா வடிவங்களிலும்” என்று இரண்டாவது பத்தியிலோ மூன்றாவது பத்தியிலோ இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் பெரம்பூர் வரை பஸ் ஏறி வருகிறார். தட்டு விற்று யாரும் பணக்காரர் ஆவதில்லை. ஒரு திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பாட்டு ஏறினால், ஒரு ராப் பாடகர் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தன் பாட்டில் சேர்த்தால், அங்கேதான் காசு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாடகர் ரொட்ரிகேஸின் கதை இதற்கு நல்ல பாடம். 1970-ல் வந்த அவருடைய ‘கோல்ட் ஃபேக்ட்’ அமெரிக்காவில் போணியாகவில்லை, வெளியிட்ட சஸ்ஸெக்ஸ் கம்பெனியும் 1975-ல் மூடிக்கொண்டது. அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவில் தட்டு சக்கைப்போடு போட்டது, அந்த விற்பனையில் இவர் கைக்குக் காசு வரவில்லை. 2001-ல் நாஸ் என்ற ராப் பாடகர் அவருடைய ‘சுகர் மேன்’ பாட்டிலிருந்து துண்டு எடுத்தார். 2008-ல் லைட் இன் தி ஆட்டிக் என்ற கம்பெனி முறையாக மறுவெளியீடு செய்தது. 2012-ல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் வந்துவிட்டது. சில பாட்டுகளை எழுதியவர் என்ற இடத்தில் அன்றைக்கு ‘சிக்ஸ்த் பிரின்ஸ்’ என்று வேறு பெயர் போட்டிருந்தார்கள்; பாட்டு யாருக்குச் சொந்தம் என்று அதைச் சொல்லி 2014-ல் மிச்சிகன் நீதிமன்றத்தில் வழக்கு. எனவே தாளில் அப்பா பெயர், நண்பர் பெயர், பாட்டின் பெயர் மூன்றும் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும்.

நம் ஊரிலும் இது நடக்காத விஷயம் இல்லை. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி சிம்லா சிகரெட்டுக்காக நடத்திய இசைக்குழுப் போட்டியிலிருந்து வந்த ‘சிம்லா பீட்’ 1970, 1971 தட்டுகளை வெளிநாட்டில் தேடித் தேடி மறுபடி அடித்திருக்கிறார்கள். பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் என்ற ராக் குழுவின் தட்டை 2011-ல் நவ்-அகெய்ன் என்ற அமெரிக்கக் கம்பெனி மறுபடி வெளியிட்டது.

தாளில் என்ன இருக்க வேண்டும்? உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல், குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி. எல்.பி. மட்டும், ஆயிரம் பிரதி வரை, ஐந்து ஆண்டு. மறுபடி அடித்தால் மறுபடி பணம். திரைப்படம், விளம்பரம், துண்டு எடுப்பது எல்லாவற்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஓரளவு அப்பா பக்கம்தான். எழுதிக் கொடுப்பதில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை போகாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாளின் அடியில் “வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் மட்டும்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பெரம்பூரிலிருந்து யார் லண்டன் போய்ச் சமபங்கு கேட்பது? சட்டம் எழுதியவர்கள் விமான டிக்கெட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வரியைச் சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஆள் யாரென்று புரிந்துவிடும்.

ரெக்கார்டுக்கு வருகிறேன். இந்த மாதிரித் தட்டுகளுக்குப் பல சமயம் மாஸ்டர் டேப்பே இருக்காது. அப்போது கீறல் குறைந்த ஒரு பிரதியை ஓட்டித்தான் புதுத் தட்டு தயாரிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிரதி அவருக்குக் கையெழுத்தைவிட அவசரமாகத் தேவைப்படலாம். தபாலில் போனது திரும்புவதில்லை. காப்பி எடுக்க வேண்டுமா, சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து, ஃபைலை மட்டும் கொடுங்கள், அதுவும் ஒப்பந்தத்துக்குப் பிறகு.

ஸ்பூல் டேப் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நான் மேலே சொன்னது இதற்கு அப்படியே பொருந்தாது. அதில் இருப்பது என்ன? கம்பெனி பதிவின் நகல் என்றால் ஒலிப்பதிவு கம்பெனிக்கே. பையன்கள் காசு போட்டு வாடகை மெஷினில் ஒத்திகையைப் பதிந்தது என்றால், அந்த ஒலிப்பதிவு அவர்களுக்கே சொந்தம். அது இன்னும் வெளிவராத பதிவு. வெளிவந்த ஆண்டை வைத்துத்தான் அறுபதாண்டுக் கணக்கு, அதனால் அதற்குக் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. ஆனால் அதில் வாசிப்பது ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டு என்றால், ஒலிப்பதிவு பையன்களுடையது, பாட்டு ஹென்ட்ரிக்ஸ் தரப்பினருடையது. பாதி சொந்தப் பாட்டு, பாதி இரவல் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. டேப் டப்பாவின் மேல் பால்பாயிண்டில் ஏதாவது எழுதியிருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்வத்தில் பழைய மெஷினில் மாட்டி ஓட்டிவிடாதீர்கள். சென்னை ஈரத்தில் ஐம்பது ஆண்டு கிடந்த டேப் பூஞ்சை பிடித்திருக்கும், பூச்சு உதிரலாம்.

“காப்புரிமை ரிஜிஸ்டர் செய்து தருகிறேன், பதினைந்தாயிரம்” என்று அடுத்து இன்னொருவர் வருவார், பாருங்கள். பாட்டுக்கு உரிமை பிறக்கப் பதிவே தேவையில்லை. சாட்சிக்காகச் செய்வதானால் ஒரு பாட்டுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனில் நீங்களே போடலாம். ஆட்சேபணைக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கப்புறம் டெல்லியில் ஃபைல் எத்தனை மாதம் தூங்கும் என்பதற்கு விதி கிடையாது. அதைவிட, பாட்டெழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் அப்பாவை உறுப்பினராகச் சேர்ப்பது உருப்படியான வேலை. இரண்டு பாட்டையும் அவர் பெயரிலும் நண்பர் பெயரிலும் அங்கே பதிந்துவிடுங்கள்.

கடைசியாக நண்பர் வீடு. கூட்டாகப் போட்ட பாட்டு என்பதால் அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை, அவர்கள் மட்டும் போட்டாலும் பயனில்லை. இடைத்தரகருக்கு இது நன்றாகத் தெரியும். “அவங்க போட்டுட்டாங்க, நீங்கதான் பாக்கி” என்று இரண்டு பக்கமும் சொல்வது பழைய தந்திரம். எனவே அந்த ஆளுக்குப் பதில் சொல்லும் முன் அப்பாவைப் பெர்த்துக்குப் பேசச் சொல்லுங்கள். நம் மாலை 5 மணிக்கு அங்கே இரவு 7.30, சாப்பாட்டு நேரம், ஆள் வீட்டில் இருப்பார்கள்.