ரசச் சொம்பின் உலோகம், கடல் மீனுக்கு

கேள்வி: அமெரிக்காவில் கடல் மீன் பிடிக்க அந்தக் காலத்தில் வீட்டிலேயே உலோகத்தை உருக்கிப் போலி மீன் வார்ப்பார்களாமே, உண்மையா? நாங்கள் தூண்டில் குண்டுக்குக் காரீயம்தான் வார்க்கிறோம். அவர்கள் வெள்ளீயத்தைத் தேடியது ஏன்?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான். நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வார்ப்பதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். 'டின் ஸ்க்விட்' என்பார். பெயரில் கணவாய் இருந்தாலும் உருவம் ஒல்லியான சின்ன மீன்தான்.

ரசம் வைக்கிற ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? உருகி ஓடிவிடும். அதே வெள்ளீயம்தான் இது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காரீயத்துக்கு 327 வேண்டும். அவருடைய அப்பா பழைய பீர்க் கடைக் குழாய்களை வாங்கி வந்து உருக்குவாராம். அந்நாளில் பீரும் சோடாவும் வரும் குழாய்களை வெள்ளீயத்தில் செய்வதுண்டு.

அச்சில் முதலில் தூண்டில் முள்ளை வைப்பார், பிறகு ஊற்றுவார். ஆறியதும் முள் உள்ளேயே இறுகி நிற்கும். ஒருமுறை அப்படி எடுத்ததை என் காதருகே கொண்டுவந்து மெல்ல வளைத்தார். கறகறவென்று ஒரு சத்தம். "கேட்டாயா, சுத்தமான சரக்கு" என்றார். காரீயம் கலந்தால் அந்தச் சத்தம் மங்கிவிடுமாம். கடற்கரையில் நின்றபடியே கையால் வளைத்து, தண்ணீரில் அது நெளிகிற நெளிவை மாற்றிக்கொள்ளலாம். அடிவயிற்றில் படகுக்கு இருப்பது போல ஒரு விளிம்பு, முள்ளில் கொஞ்சம் மான்வால் முடி. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காரீயம் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்குக் காரீய மீன் வார்த்தவர்கள் அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பளபளப்பாக்குவார்கள். வெள்ளீயத்துக்கு அந்தப் பாடு இல்லை. ஈர மணலை ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் போதும், மினுங்கும். எடையும் காரீயத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் இழுக்கும்போது சட்டென்று அடியில் போய் உட்காராது. ப்ளூஃபிஷ், ஸ்ட்ரைப்டு பாஸ் எல்லாம் அந்த மினுக்கைத் துரத்தி வந்து கவ்வும்.

இதெல்லாம் கயிறு சுற்றும் ராட்டும் தூண்டில் கம்பும் கரைக்கு வருவதற்கு முன்பே இருந்த வித்தை. 19-ஆம் நூற்றாண்டில் கையில் கயிறு மட்டும்தான். தலைக்கு மேல் சுழற்றி அலைக்கு அப்பால் வீசுவார்கள், பிறகு கை மாற்றி மாற்றி இழுப்பார்கள். மீன் மாட்டினால் கயிற்றோடு மணல்மேட்டைப் பார்த்து ஓட்டம்தான்! எனக்கு அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

1942-இல் வெள்ளீயம் விளைந்த மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவில் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. போருக்குப் பிறகு பிளாஸ்டிக் மீன்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன.

நீங்கள் வார்த்துப் பார்ப்பதாக இருந்தால் சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், அதற்கென்று தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அச்சை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். அந்தப் பெரியவரின் வலது கன்னத்தில் அந்தத் தழும்பு இருந்தது.