ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதியில் யார் இருப்பார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கதைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கதைகளைப் பற்றியதல்ல. கணவரின் வேலை காரணமாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு மாறிக்கொண்டே இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, இதுவரை நான்கு பள்ளிகள் பார்த்துவிட்டாள். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு போர்டிங் ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். மூன்று பள்ளிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். தேர்வு முடிவுகளில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்து முடிவு செய்வது? அனுப்புவது சரிதானா? நீங்கள் சிறுவயதில் விடுதியில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

என்னை விடுதியில் விட்டபோது எனக்குப் பதினொரு வயது. பாடமோ ஆசிரியர்களோ எனக்குப் பாரமாக இருந்ததில்லை. சனிக்கிழமை மதியம்தான் பாரம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப்போக ஆட்கள் வருவார்கள். மூன்று மணிக்குள் எங்கள் கூடத்தில் இருபது கட்டில்கள் காலியாகிவிடும். மீதி நாங்கள் நாலு பேர். திங்கள் காலை வரை எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு முறை காய்ச்சலோடு அந்த இரண்டு நாளையும் கழித்தேன். வார்டனுக்குத் தெரிந்தது திங்கட்கிழமைதான்.

அதனால் அந்த மூன்று பள்ளிகளிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை விடுதியில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? இங்கிலாந்தில் போர்டிங் ஸ்கூல் என்ற ஒரே பெயருக்குள் பல வகை உண்டு. சில பள்ளிகளில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள். சிலவற்றில் வீக்லி போர்டிங். வெள்ளி மாலை பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். ஃபுல் போர்டிங் பள்ளியில்தான் வார இறுதியிலும் விடுதி உயிரோடு இருக்கும். “எங்களிடம் எல்லா வகையும் இருக்கிறது” என்று பதில் வந்தால் விடாதீர்கள். உங்கள் மகள் வயதில், அவள் தங்கப்போகும் ஹவுஸில், அதாவது விடுதிப் பிரிவில், போன ஞாயிறு எத்தனை பேர் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சரியான எண்ணிக்கையைச் சொல்லத் தெரிந்த ஹவுஸ்பேரன்ட்டை, அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரை, நான் நம்புவேன்.

அடுத்தது விடுமுறைகள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறைகளுக்கு அவள் உங்களிடம் வந்துவிடுவாள். அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களில் ஹாஃப் டெர்ம் என்று ஒரு வாரமோ அதற்கு மேலோ விடுவார்கள். போதாததற்கு நடுவில் எக்ஸியாட் என்று சில வார இறுதிகள். இந்த நாட்களில் பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்நாட்டில் ஒரு கார்டியன், பெற்றோர் இடத்தில் பொறுப்பேற்கும் ஒருவர், இருக்க வேண்டும் என்று பள்ளிகள் கேட்பது இதற்காகத்தான். இந்தக் கார்டியன் விஷயத்தைத்தான் பெற்றோர்கள் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். காகிதத்தில் எழுத ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று, அதிகம் பழகாத ஒரு நண்பரைக் கேட்டுவிடுகிறார்கள். அவர் வீட்டில் மகள் எந்த அறையில் தூங்குவாள், நள்ளிரவில் பள்ளியிலிருந்து அழைத்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெருங்கிய உறவு இல்லையென்றால் கார்டியன் நிறுவனங்கள் உண்டு. அவற்றைச் சோதித்து அங்கீகரிக்கும் ஈஜிஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. அங்கீகாரம் இருந்தாலும், தங்கப்போகும் குடும்பத்தோடு ஒரு முறையாவது முகம் பார்த்துப் பேசிவிடுங்கள்.

வயதைப் பற்றி. பதிமூன்றில் ஒன்பதாம் ஆண்டில் சேர்வது அங்கே வழக்கமானது. நிறையப் பிள்ளைகள் அந்த வருடம் புதிதாக வருவதால் அவள் மட்டும் தனியாகத் தெரியமாட்டாள். ஆனால் சில பள்ளிகள் அந்த இடங்களுக்கான முன்தேர்வை இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே நடத்திவிடுகின்றன. இடம் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். பத்தாம் ஆண்டில், பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ.க்கான படிப்பு தொடங்கிவிடும். அது இரண்டு வருடம். நடுவில் கொண்டுபோய் நுழைப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். இப்போது முடியாவிட்டால் பதினாறு வரை பொறுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான ஏ லெவலுக்கோ ஐ.பி. டிப்ளமாவுக்கோ அனுப்பலாம். என்னைக் கேட்டால், தயங்குகிற பிள்ளைக்குப் பதினாறுதான் நல்ல வயது.

விசா, பணம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைல்ட் ஸ்டூடன்ட் விசா 4 முதல் 17 வயதுவரை. கூடவே பெற்றோர் ஒருவர் தங்குவதற்கான விசா, குழந்தைக்கு 11 வயது வரைதான். உங்களுக்கு அந்த வழி இல்லை. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி உண்டு. சொல்லப்படும் தொகை வரி சேர்த்ததா என்று கேளுங்கள். அங்கே பள்ளியில் படித்தால் பிறகு பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பதற்காக மட்டும் அங்கே தங்கிய வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது.

பள்ளியின் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆய்வறிக்கையைப் படியுங்கள். பல தனியார் பள்ளிகளை ஐ.எஸ்.ஐ. என்ற ஆய்வு அமைப்பு ஆய்வு செய்கிறது, அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கும். விடுதி பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். விடுதிகளுக்கென்று இங்கிலாந்தில் அரசு வகுத்த குறைந்தபட்சத் தரவிதிகள் இருக்கின்றன. பள்ளி ஊழியரோ பெற்றோரோ அல்லாத ஒருவரைப் பிள்ளைகள் தங்கள் குறையைச் சொல்ல நேரடியாக அணுக முடிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பள்ளியைப் பார்க்கப் போகும்போது, அந்த ஆள் யார் என்று விடுதியில் இருக்கும் ஒரு சிறுமியிடம் கேளுங்கள். நிர்வாகியிடம் கேட்க வேண்டாம். அவளுக்குத் தெரியவில்லை என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பால் என்ன பயன்?

அனுப்புவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு பள்ளிகள் மாறிய பிள்ளைக்கு, ஐந்து வருடம் ஒரே தோழிகளோடு வளர்வது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். விடுதி எனக்குத் தந்த இரண்டு தோழிகள் இன்றும் என்னோடு இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணவர் சொல்வது இருக்கிறது, உங்கள் தவிப்பு இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்காததை நாற்பது வருடமாக மறக்க முடியவில்லை.

சேரும் முன் ஓரிரு இரவு தங்கிப் பார்க்கப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. முடிந்தால் அது வார இறுதியாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் “பிடித்திருந்ததா” என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா