மருந்துக் கடைக்காரர் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் லண்டனில் பயிற்சி எடுத்த டாக்டர் ஒருவர் கிளினிக் திறந்திருக்கிறார். பையனுக்குச் சளி, காய்ச்சல் என்று போனால் பாராசிட்டமால் சிரப்போடு சரி. பழைய டாக்டர் பை நிறைய மருந்து தருவார். படித்த இடம்தான் காரணமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெரும்பங்கு அதுதான் அம்மா. வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்தபோது, சீட்டைப் பார்த்தே டாக்டர் எங்கே பழகியவர் என்று ஓரளவு ஊகிப்பேன். பிரிட்டனில் இருந்தவர்கள் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அமாக்சிசிலின் என்று மருந்தின் பெயரையே எழுதுவார்கள். சாதாரணச் சளிக்கு வைரஸ் காரணம், அதை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது என்று பேசியே அனுப்புவதும் அங்கே வழக்கம். சில நேரம் சீட்டைக் கொடுத்து, "குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள்" என்பார்கள். நம்மூரிலோ அந்தச் சீட்டோடு நேராக என் கடைக்குத்தான் வருவார்கள்!

அதற்காக வெளிநாடு என்றாலே சிக்கனம் என்று நினைக்காதீர்கள். அபின் வகையைச் சேர்ந்த, பழகினால் அடிமையாக்கிவிடும் ஓபியாய்டு வலி மாத்திரைகளை அள்ளி எழுதித் திண்டாடிய நாடு அமெரிக்கா. அங்கே 2006 முதல் 2014 வரையிலான சீட்டுகளை ஆராய்ந்தார்கள். தரவரிசையில் கடைசியில் இருந்த கல்லூரிகளில் படித்தவர்கள், முதலிடக் கல்லூரியில் படித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு எழுதியிருந்தார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த வித்தியாசம்!

உங்கள் டாக்டரை மாற்ற வேண்டாம். பையன் மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ உடனே அவரிடமே தூக்கிக்கொண்டு போங்கள். அப்புறம், அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டு கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.