கொசுவம் வைத்த விளக்கு

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள் நான். அந்தத் தைரியத்தில் காகித லேம்ப்ஷேடு செய்ய இறங்கினேன். வீடியோ பார்த்து ஒரு சார்ட் தாளில் வைர மடிப்புப் போட்டேன். மடித்த இடமெல்லாம் வெடித்து வெள்ளை தெரிகிறது. வட்டமாக வளைத்தால் இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டவே மாட்டேன் என்கின்றன. மூன்று தாள் வீண். என் கைதான் சரியில்லையா?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

கையில் குறை இல்லை. தீப்பெட்டியின் மேல்பெட்டிக்கு வரும் மரச் சீவலை நினைத்துப் பாருங்கள். மடிக்க வேண்டிய இடத்தில் கோடு முன்பே கீறி வரும். அதனால்தான் பாட்டிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டே மடித்தார்கள். லேம்ப்ஷேடிலும் பெரும்பாடு கோடு போடுவதுதான். வீடியோவில் அந்த இரண்டு மணி நேரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ஸ்டீல் ஸ்கேல், அடியில் நாலைந்து செய்தித்தாள். தாளைத் தட்டையாக வைத்து எல்லாக் கோட்டையும் அழுத்தி முடித்த பிறகுதான் முதல் மடிப்பு. அளவைக் குறிக்க ஓரத்தில் மட்டும் பென்சில் புள்ளி வையுங்கள். நான் குண்டூசியால் நடுவிலும் குத்தினேன். விளக்கைப் போட்டதும் சுவரெல்லாம் நட்சத்திரம். வீட்டில் அதை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெடிப்புக்குக் காரணம் தாள். பளபளப்புப் பூச்சு உள்ளதை வாங்காதீர்கள். வேலூர் லாங்கு பஜார் பக்கம் போனால் பூச்சில்லாத தாளாக, 120 முதல் 160 ஜிஎஸ்எம்முக்குள் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கேளுங்கள். துணிக்குப் போலவே தாளுக்கும் இழை ஓட்டம் உண்டு. மடக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள்; எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அப்படியே சுருட்டினால் வரும் குழலின் நீளவாக்கில் மடிப்புக்கோடு ஓட வேண்டும். குறுக்கே மடித்தால் நல்ல தாளும் பிளக்கும்.

முனை எட்டாதது வெறும் கணக்கு. ஆறு கெஜச் சேலை கொசுவம் வைத்ததும் எவ்வளவாகச் சுருங்குகிறது! தாளும் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ட்டின் நீளம் 71 செ.மீ. மடித்தால் சுற்றளவு 35 தான், 11 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்துக்கு மேல் வராது. அதற்குள் பல்பை நுழைக்கவே சங்கடம். இரண்டு தாளை ஒட்டினால் ஒட்டுக்குப் போக 140, இரண்டு செ.மீ. வீதம் 70 பட்டை. குறுக்களவு 22 வரும். பட்டைகள் இரட்டைப்படையில் இருந்தால்தான் மேடும் பள்ளமும் முனையில் சரியாகப் பொருந்தும். ஒட்டிய இடத்தை உள்மடிப்பில் ஒளித்துவிடுங்கள்.

வைரம் இப்போது வேண்டாம். நேர்மடிப்பில் ஒன்று முடியுங்கள். டென்மார்க்கில் யென்சன் கிளிண்ட் என்ற கட்டடக் கலைஞர் தன் எண்ணெய் விளக்குக்கு மடித்ததும் காகிதம்தான். 1943 இல் அவர் மகன் அதையே தொழிலாக்கினார். பெரிய இயந்திரம் எதுவும் கேட்காத வேலை.

மேல் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. கீழே, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் துளையிட்டு நூல் கோத்து இழுங்கள், பாவாடை நாடா மாதிரி. முழுக்க இறுக்கி மூடிவிடாதீர்கள். பத்து செ.மீ. கம்பி வளையத்தின்மேல் உட்காரும் அளவு திறந்திருந்தால் சூடு மேலே போகும். பழைய 60 வாட் குண்டு பல்பு கூடவே கூடாது. 5 அல்லது 7 வாட் எல்இடி, அதுவும் மஞ்சள் வெளிச்சம். தாள் பல்பைத் தொடாமல் நாலு விரல் தள்ளி நிற்கட்டும்.

மாட்டும் இடத்தையும் பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் ஃபேனை நிறுத்த முடியாது. என்னுடைய முதல் லேம்ப்ஷேடு அதன் காற்றில் இரவெல்லாம் சுற்றி, நூலை முறுக்கி, விடிவதற்குள் குடையை மடக்கியதுபோல் தொங்கியது. இரண்டாவது ஒன்று மூலையில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், மூன்று வருடமாக அசையாமல் இருக்கிறது.