கரையான் ஏறாத அலமாரி எது?
வாசகர் கேள்வி: வீடும் பராமரிப்பும்

தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். படுக்கையறை பிளைவுட் அலமாரியின் பின்பலகை முழுக்கச் செல்லரித்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை போடச் சொல்கிறார் கார்பென்டர். போட்டுவிட்டால் கவலை விட்டதா?
வாசகி, அல்சூர், பெங்களூரு

பலகையைப் பற்றிய கவலை விட்டது. உள்ளே மடித்து வைத்திருக்கும் பட்டுப்புடவையைப் பற்றிய கவலை விடவில்லை. டபிள்யூ.பி.சி.யையோ பி.வி.சி. பலகையையோ கரையான் தின்னாது. ஆனால் அதன் மேல் மண்புற்று கட்டிக்கொண்டு தாராளமாக நடக்கும். துணி, புத்தகம், அட்டைப்பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். அதனால் முதல் வேலை சுவரில்தான்.

பழைய அலமாரியை எடுத்த கையோடு, புதியது வருவதற்கு முன், தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளைகளைச் சாய்வாகப் போடச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள அளவில் நீர் கலந்த இமிடாகுளோப்ரிட் கரையான் மருந்தை, துளை குடிக்கும்வரை, அதிகபட்சம் துளைக்கு 1 லிட்டர் விட்டு, பிறகு சிமெண்டால் அடைக்க வேண்டும். 10க்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி. வாசலைக் கழித்தாலும் 40 துளைக்கு மேல் வரும். பத்துத் துளை போட்டுவிட்டு “முடிந்தது” என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அலமாரி நின்ற பிறகு அந்த மூலைக்குக் கை போகாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் கசிவையும் பார்த்துவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை கரையான் திரும்பி வரும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத மரம். முன்பக்கம் முழுக்க டபிள்யூ.பி.சி. இருக்கும்; அடியில் பீடத்துக்கு மரச்சட்டம், சுவரில் ஸ்க்ரூ பிடிக்க மரக்கட்டை, பின்னால் 6 மி.மீ. சாதா பிளைவுட். கரையானுக்கு அது போதும். பீடத்துக்கு 4 அங்குல பி.வி.சி. கால்கள் அல்லது கிரானைட் பட்டை, சுவருக்கு நைலான் பிளக், பின்பக்கம் 6 மி.மீ. பி.வி.சி. பலகை என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கால்களை மறைக்கும் பட்டை கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

பலகை வாங்கும்போது எடை போடுங்கள். மரத்தூள் கலந்தது டபிள்யூ.பி.சி.; அந்தப் பெயரில் கடைகளில் தருவது பல சமயம் மரத்தூளே இல்லாத பி.வி.சி. ஃபோம் பலகை. கரையான் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் அடர்த்தியில். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பலகை அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்குக் கிராமில்) 0.5 என்றால் சுமார் 27 கிலோ, 0.6 என்றால் 32, 0.7 என்றால் 37. அலமாரிக்கு 32 கிலோவுக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். இலேசான பலகை ஸ்க்ரூவைப் பிடித்து வைக்காது.

பிளைவுட் பழக்கத்திலேயே இதிலும் வேலை செய்வதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. முக்கியமானவை மூன்று. வெள்ளைப் பசை இதில் காயாது. அதன் தண்ணீரை உறிஞ்ச இந்தப் பலகைக்குத் தெரியாது. பரப்பை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பசையை மேலே ஒட்டும் லேமினேட் தாளிலும் பலகையிலும் தடவி, 10–15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்த வேண்டும். இரண்டாவது, கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் சில மாதங்களில் வில்லாக வளையும். உள்பக்கமும் ஒட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, கீல். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 2.5 மி.மீ. துளை போட்டு, டிரில்லை மெதுவான வேகத்தில் வைத்து இறுக்க வேண்டும். முழு வேகத்தில் முடுக்கினால் உள்ளே மரை அறுந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். பிளைவுட்டில் செய்வது போலத் தீக்குச்சி செருகினால் நிற்காது. எபாக்சி புட்டி அடைத்து மறுபடி துளைக்க வேண்டும். 7 அடிக் கதவுக்கு நான்கு கீல் போடுங்கள்.

தட்டுகள் 2 அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் போகக் கூடாது. போனால் முன்விளிம்புக்கு அடியில் அலுமினிய ஆங்கிள் கொடுங்கள்.

சமையலறைக்கும் அதே பலகை போதுமா?
வாசகர், ராமமூர்த்தி நகர்

சிங்க்குக்கு அடியில் அதைவிட நல்லது இல்லை. அடுப்புப் பக்கம் வேண்டாம். பலகையில் உள்ள பி.வி.சி. 75–80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஓவனை ஒட்டிய தடுப்பும், குக்கரை இறக்கி வைக்கும் தட்டும் உருமாறிவிடும்.

எங்களைக் கேட்டால், நம் அம்மா காலத்துக் கடப்பாக் கல் தடுப்புதான் இன்னும் முதலிடம். இரண்டரை அடிக்கு ஒரு செங்குத்துக் கல், மேலே கிரானைட் மேடை, முன்னால் அலுமினியச் சட்டமும் கதவும். 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தாலும் அசையாது. கடப்பா சுண்ணாம்புக்கல் என்பதால் எலுமிச்சை, புளி, ஆசிட் பட்டால் மெருகு போகும். அதனால் உள்தட்டுக்கு மட்டும் போதும், மேடைக்கு வேண்டாம். கூடை ஓடும் சேனலுக்குத் துளை போடும்போது டிரில்லின் ஹாமர் மோடை அணைத்துவிட்டு, விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் கல் சில்லு பெயரும். குறை ஒன்றுதான்: பிறகு இடம் மாற்ற முடியாது. வாடகை வீட்டுக்கு இது ஆகாது.

ஸ்டீல் கிச்சன் கேட்பவர்களுக்கு: துருப்பிடிக்காத எஃகில் 304 தரம்தானா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மலிவான 202-உம் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதச் சொல்லுங்கள்.

மரைன் பிளைவுட் துண்டைக் கொதிக்க வைத்துக் காட்டினார் கடைக்காரர். பிரியவே இல்லை. கரையானும் வராது என்கிறார்.
வாசகி, விஜயநகர்

கொதிக்கும் சோதனை பசைக்கானது. ஐ.எஸ். 710 (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை பெற்ற மரைன் பிளைவுட்டின் பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும். கடையில் அரை மணி கொதித்தது அதற்குச் சாட்சியே இல்லை. கரையான் பார்ப்பது மரத்துக்கு ஊட்டிய மருந்தை. மருந்தேற்றிய பலகையிலும் அறுத்த விளிம்பையும், சிங்க் குழாய்க்குப் போட்ட ஓட்டையையும் மூடாமல் விட்டால் ஈரம் ஏறும். எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டாத விளிம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மரநாரையும் மரத்துகளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் தரைத்தளத்தில் தொடவே வேண்டாம்.

குளியலறைக் கதவு நிலையின் கால் உளுத்துவிட்டது. மாற்றாக என்ன வைப்பது?
வாசகர், ஜீவன் பீமா நகர்

4க்கு 2½ அங்குலத் திட டபிள்யூ.பி.சி. நிலை வையுங்கள், உள்ளே கூடாக இருப்பது கீலைத் தாங்காது. பழைய நிலையைப் பெயர்த்ததும் பின்னால் இருக்கும் மண்ணைச் சுரண்டி, மருந்து அடித்து, காய விடுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று ஆங்கர் போல்ட் வேண்டும். நிலையை நேராக நிறுத்த மர ஆப்பு செருகுவார்கள். பூசும் முன் அதை உருவச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டுப் பூசிவிடுவது வழக்கம், அந்த ஆப்பில்தான் புற்று தொடங்கும். மேலே 3 மி.மீ. இடைவெளி விட்டு சிலிக்கானால் நிரப்புங்கள். வெயிலில் இந்தப் பொருள் நீளும்.

எட்டாவது மாடி. அலமாரிக்கு அடியில் தினமும் மாவு போல் தூள் கொட்டுகிறது. கரையானா?
வாசகி, மாரத்தஹள்ளி

இல்லை. மண்ணிலிருந்து ஏறும் கரையான் தூளைக் கொட்டாது, மண்ணைக் கட்டும். குண்டூசி முனை அளவு வட்ட ஓட்டைகளும் மாவும் இருந்தால் அது மரத்துளைப்பான் வண்டு. பலகையோடு கடையிலிருந்தே வந்திருக்கும். தரையில் துளை போட்டு மருந்து விட்டால் பணம்தான் வீண். ஓட்டை நிறைய விழுந்த தட்டை மட்டும் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, மற்ற தட்டுகளில் ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு மாதத்தில் வட்டத்துக்கு வெளியே புதிய ஓட்டை வந்தால் அந்தத் தட்டும் போக வேண்டியதுதான்.