ஓடுறவையின்ர கேள்வியள்: ஒவ்வொரு நாளும் ஒரே வேகம்

கேள்வி: அண்ணை, எனக்கு 34 வயசு, இடம் கொக்குவில். ரெண்டு வருசமா கிழமையில நாலு நாள் ஓடுறன், ஒவ்வொரு நாளும் 6 கிலோமீற்றர், கிலோமீற்றருக்கு 6 நிமிசம். 10 கிலோமீற்றருக்கு 58 நிமிசம் எடுக்குது, எவ்வளவு தெண்டிச்சும் அதுக்குக் கீழ இறங்குதில்லை. மூண்டு மாசத்தில 50 நிமிசத்துக்கு வர என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பதில் உங்கட கேள்விக்குள்ளயே கிடக்கு. 10 கிலோமீற்றரை 58 நிமிசத்தில ஓடினால் கிலோமீற்றருக்கு 5 நிமிசம் 48 செக்கன், நீங்கள் பயிற்சியில ஓடுறது 6 நிமிசம். வித்தியாசம் வெறும் 12 செக்கன்! கிழமைக்கு நாலு தரம் கிட்டத்தட்ட போட்டி ஓடிக்கொண்டிருக்கிறியள், பிறகு கால் எப்பிடி ஆறும், கெதியா ஓட வேண்டிய நாளைக்கு காலில என்ன மிஞ்சும்.

நாலு நாளில ரெண்டு நாளை 7 நிமிச வேகத்துக்கு இறக்குங்கோ. பக்கத்தில ஓடுற ஆளோட மூச்சு வாங்காமல் வீட்டுக்கதை கதைக்கக்கூடிய வேகம். முதல் ரெண்டு கிழமை சரியான வெக்கமா இருக்கும், சைக்கிளில போற அப்பு ஒராள் உங்களை முந்திக்கொண்டு "என்ன தம்பி காலில நோவோ" எண்டு கேப்பார், கேக்கட்டும். மெல்ல ஓடேக்கயும் இதயம் ஒரு துடிப்புக்கு கூட ரத்தம் தள்ளப் பழகுது, தசைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாயள் பெருகுது, கொழுப்பை எரிச்சு ஓடவும் உடம்பு பழகுது. நியூசிலாந்துக் கோச் ஆதர் லிடியார்ட் தன்ர ஆக்களை கிழமைக்கு 100 மைல் ஓட விட்டவர், 800 மீற்றர் ஓடுற பீற்றர் ஸ்னெல்லையும் விடேல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில ஸ்னெல் 800 மீற்றர் தங்கம், அதே நாள் லிடியார்டிட்டப் பழகின மறி ஹல்பேர்க் 5000 மீற்றர் தங்கம். உங்களை 100 மைல் ஓடச் சொல்லேல்லை, வேலைக்குப் போற ஆள், மெல்ல ஓடின நாளும் பயிற்சிதான் எண்டதுக்குச் சொல்லுறன்.

மூண்டாவது நாள் இன்ரவல். பத்து நிமிசம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிப்போட்டு, 400 மீற்றரை 2 நிமிசம் 12 செக்கனில ஓடி, 2 நிமிசம் நடந்து, திரும்ப ஓடுங்கோ. ஆறு தரம் காணும். கடைசி 400உம் முதல் 400உம் ஒரே நேரத்தில முடியவேணும், முதலாவதை வீரம் காட்டி 1 நிமிசம் 50இல ஓடிப்போட்டு நாலாவதில இடுப்பில கை வைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களை நான் கன பேரைக் கண்டிட்டன். செக்கோஸ்லோவாக்கியா ஓட்டக்காரர் எமில் சற்றோபெக் ஒரே நாளில 40 தரம் 400 மீற்றர் ஓடிப் பழகினவர், 1952 ஹெல்சிங்கியில 5000, 10000, மரதன் எண்டு மூண்டு தங்கமும் எடுத்தவர், அந்த மரதன்தான் அவர் வாழ்க்கையில ஓடின முதல் மரதன். அது அவர். நீங்கள் ஆறு தரம்.

ஒரு விசயம், கிறவுண்டை முதல் அளந்து பாருங்கோ. நான் ஒரு பள்ளிக்கூட கிறவுண்டில விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டில ஒரு மாசம் ஓடி, எனக்கு 40 வயசில இப்பிடியொரு வேகமோ எண்டு மச்சானுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லி, பிறகு அவர் ரேப்போட வந்து அளந்தால் ஒரு சுத்து 320 மீற்றர். இண்டைக்கும் கலியாண வீடுகளில அந்தக் கதை வரும்.

நாலாவது நாள் ஒண்டு விட்டு ஒரு கிழமை மாத்துங்கோ. ஒரு கிழமை நீளமா 12 கிலோமீற்றர், மெல்ல. மற்றக் கிழமை 20 நிமிசம் ஒரே பிடியா 5 நிமிசம் 50 வேகத்தில. ஒரு மணித்தியாலம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற வேகம் எதுவோ அதில பழகினால், கால் கனக்கத் தொடங்கிற இடம் தள்ளிப்போகும், உங்களுக்கு அது கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர் வேகம்தான்.

50 நிமிசம் மூண்டு மாசத்தில வராது தம்பி. 55ஐ நினைச்சு ஓடுங்கோ, 50ஐ பிறகு கதைப்பம்.

கேள்வி: மலை ஏறி ஓடினால் வேகம் கூடும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். யாழ்ப்பாணத்தில மலைக்கு எங்க போறது?

பதில்: நியாயமான கேள்வி, எங்கட ஊரில உயரமா இருக்கிறது கோயில் கோபுரம் மட்டும்தான். ஆனால் சோழகக் காத்து அடிக்கிற மாசங்களில விடிய பண்ணைப் பாலத்தால தீவுப் பக்கம் ஓடிப் பாருங்கோ, ரெண்டு பக்கமும் கடல், மறைக்க ஒரு மரமில்லை, காத்து நெஞ்சில கை வைச்சுத் தள்ளும். அது மலையேத்தத்துக்குக் கிட்டத்தட்ட வரும். போகேக்க எதிர்காத்தில கஷ்டப்பட்டு, வரேக்க பின்காத்தில வாருங்கோ, மாறி ஓடினால் வேர்வையோட திரும்பேக்க எதிர்காத்து உயிரை எடுக்கும். அந்த நாளில மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. மணல்காட்டு மணல் மேடுகளும் இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா போகலாம், கெண்டைக்கால் ரெண்டு நாளைக்குத் திட்டும்.

இன்னொண்டு ஃபார்ட்லெக். சுவீடனில கொஸ்ரா ஹோல்மர் 1930களில தொடங்கின முறை, சொல்லுக்கு அர்த்தமே வேக விளையாட்டு. மணிக்கூடு வேண்டாம், கறண்டுக் கம்பம் காணும். ரெண்டு கம்பம் கெதியா, ரெண்டு கம்பம் மெல்ல, இன்னும் இருந்தால் மூண்டு கம்பம். நாய் துரத்தினால் அதையும் கணக்கில சேருங்கோ.

கேள்வி: நான் ரீச்சர், விடிய ஓட நேரமில்லை, பின்னேரம் 4 மணிக்கு ஓடுறன். விடிய ஓடின காலத்தை விட கிலோமீற்றருக்கு அரை நிமிசம் கூட எடுக்குது. வயசு போட்டுதோ?

பதில்: இல்லைத் தங்கச்சி, வெயில் போகேல்லை. சூட்டில உடம்பு தன்னைக் குளிராக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், காலுக்குப் போறது குறையும், இதயம் அதே வேகத்துக்குக் கூட அடிக்கும். ஏலுமெண்டால் அஞ்சரைக்கு வெளிக்கிடுங்கோ. ஏலாட்டி வேகத்தை விட்டிட்டு நேரத்தை எண்ணுங்கோ, 40 நிமிசம் ஓடினன் எண்டால் காணும். வேர்வை உப்பா முகத்தில காயுற ஆளெண்டால் வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி குடியுங்கோ.

கேள்வி: ஒரு மாசத்தில 3 கிலோமீற்றரிலயிருந்து 10க்கு வந்திட்டன். இப்ப காலின்ர முன் எலும்பு நோகுது. ஓடி ஓடிச் சரியாகுமோ?

பதில்: ஆகாது. மூச்சு கெதியாப் பழகும், எலும்பு ஆறுதலாத்தான் பழகும், நீங்கள் மூச்சைக் கேட்டு ஓடிப்போட்டியள். ரெண்டு கிழமை ஓட்டத்தை விட்டிட்டு சைக்கிள் ஓடுங்கோ. பிறகு 4 கிலோமீற்றரில தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கோ, தார் றோட்டை விட்டு புல்லுக் கிறவுண்டில. ஒரு விரலால அமத்த ஒரே ஒரு இடத்தில சுரீரெண்டு நோகுது, இல்லாட்டி சும்மா இருக்கேக்கயும் நோகுது எண்டால் டொக்ரரிட்டக் காட்டுங்கோ, எலும்பில மயிர் மாதிரி வெடிப்பு வந்திருக்கலாம். சப்பாத்தின்ர அடியும் தேஞ்சு போச்சோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

கேள்வி: ஓட முதல் என்ன சாப்பிடலாம்? அம்மா புட்டும் கறியும் சாப்பிட்டிட்டுத்தான் போகோணும் எண்டுறா.

பதில்: பனங்கட்டியோட ஒரு பிளேன்ரீ, ஒரு கதலி வாழைப்பழம். புட்டை வந்து சாப்பிடுறன் எண்டு அம்மாவிட்டச் சொல்லுங்கோ, சொல்லிப்போட்டு மறக்காமல் வந்து சாப்பிடுங்கோ, இல்லாட்டி நாளைக்கு விட மாட்டா.