காதுக்குள் கரப்பான்: காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

டாக்டர், ரெண்டு வருஷமா ரெண்டு காதும் அரிக்குது. தினமும் பட்ஸ் போட்டுச் சுத்தம் பண்றேன். அழுக்கே வரல, வெள்ளையா செதில்தான் வருது.

அந்தச் செதில் உதிர்ந்த தோல்மா. வந்திருப்பது பெரும்பாலும் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் அழற்சி; பூச்சி இல்லை. பெரியவர்களின் காதுக் குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம். வாசல் பக்கம் மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி, அதாவது நீங்கள் அழுக்கு என்று சொல்வது, சுரக்கும். அதற்கு உள்ளே, எலும்பை ஒட்டிய தோல் மிக மெல்லியது. குறும்பியில் எண்ணெய்ப் பசையும் லேசான அமிலத்தன்மையும் உண்டு. தண்ணீரும் கிருமியும் தோலை அண்டாமல் காப்பது அதுதான். உங்களைப் போல வருபவர்களின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், துடைத்து வைத்த தட்டு மாதிரி ஒரு துளி குறும்பி இருக்காது, தோல் சிவந்து பளபளக்கும். காய்ந்த தோல் அரிக்கும், அரித்தால் குடைவீர்கள், குடைந்தால் இன்னும் காயும். பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும் வேண்டாம். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

செதிலை உறிஞ்சி எடுத்து, செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகு, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஸ்டீராய்டு சொட்டோ களிம்போ தருவோம். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள்.

மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு முதலில் கேட்டது. இப்போது காது மடல் வரை சிவந்து நீர் வடிகிறது.

சொட்டை நிறுத்துங்கள். பாட்டிலில் நியோமைசின் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமை ஆகிவிடும்; சொட்டு பட்ட இடமெல்லாம் கரப்பான் படரும். இன்னொன்று, ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டை நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை வளரும். ஈரமான செய்தித்தாள் மாதிரி, வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதற்கு வைத்தியமே வேறு: சுத்தம் செய்து, பூஞ்சைக் கொல்லி சொட்டு. பார்க்காமல் மாற்று சொட்டு சொல்ல மாட்டேன். பாட்டிலோடு போய்க் காட்டுங்கள்.

பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றச் சொல்றாங்க.

வேண்டாம். பாட்டியின் அக்கறை புரிகிறது. ஆனால் சூட்டில் குழாய் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தலையில் பொடுகும் இருக்கு சார். சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. பொடுகை விட்டுவிட்டுக் காதை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, நுரையைச் சில நிமிடம் விட்டு அலசுங்கள். கவரிங் கம்மலில் உள்ள நிக்கல், தலைச்சாயம், காது கேட்கும் கருவியின் அச்சு ஆகியவையும் கரப்பானைத் தூண்டும்.

காதைக் குடைந்தால் இருமல் வருகிறதே?

தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாயிலும் இருக்கிறது. பயமில்லை.

அப்பாவுக்கு 68 வயசு, சர்க்கரை உண்டு. அரிப்புன்னு குடைஞ்சுட்டே இருந்தார். ஒரு வாரமா ராத்திரி தூங்க விடாத வலி, சீழ்.

இதைக் கரப்பான் என்று விட்டுவிடாதீர்கள். குடைந்த புண் வழியாக நுழையும் கிருமி, சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு மண்டையோட்டு எலும்பு வரை போகலாம். முகம் ஒரு பக்கம் கோணலாம். சொட்டு மட்டும் போதாது, வாரக்கணக்கில் ஊசியோ மாத்திரையோ தேவைப்படும். ஸ்கேனும் எடுக்க வேண்டிவரும். இன்றே காட்டுங்கள் தம்பி, கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.